ஒரு கதிரை, இரண்டு பேர், ஐந்து பாட்டு

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நாலு வயது. அதன் கையில் ஒரு கைபேசி. காலையிலிருந்து அது ஆங்கில உயிரெழுத்துகளைப் பாடிக்கொண்டிருக்கிறது. நேற்று நான் எண்ணினேன். தேநீருக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையில் ஒரே பாட்டு முப்பத்தெட்டுத் தரம். முப்பத்தொன்பதாவது தரம் தொடங்கியபோது எழும்பி யன்னலைச் சாத்தினேன். சாத்தியபிறகு கதிரையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மறுபடியும் போய்த் திறந்தேன்.

என் வயதுக்காரர்களுக்கு நான் ஏன் திறந்தேன் என்பது ஓரளவு விளங்கும் என்று நினைக்கிறேன். பாட்டுப் பாடி இங்கிலீஷ் படிப்பது ஏதோ இந்தக் காலத்துக் கண்டுபிடிப்பு என்று இளசுகள் நினைக்கின்றன. எங்கள் வீட்டு முற்றத்தில், நான் நாலாம் வகுப்புப் படித்த காலத்தில், இரண்டு பெரிய மனிதர்கள் அப்படித்தான் படித்தார்கள். ஒன்பது கிழமை நடந்தது. அதற்கு மேல் ஒருநாளும் இல்லை.

ஒருவர் அப்பா. அவர் இளவயதில் சாம்பல்தீவில் கரைவலை இழுத்தவர். பிறகு துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலைக்கு வந்தார். அந்த வருடம் ஒரு சீமெந்து மூட்டையோடு படியில் சறுக்கி விழுந்து இடுப்பு நாரியை முறித்துக்கொண்டார். முறியவில்லை, பிடிப்புத்தான் என்றார் வைத்தியர். ஆனால் அதன்பிறகு அப்பா குனிந்து செருப்பை எடுக்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

மற்றவர் நானா. தண்ணீருக்கு அந்தப் பக்கம் கிண்ணியாக்காரர், அங்கே அண்ணனை நானா என்பார்கள். ஊர் முழுக்க அவரை நானா என்று கூப்பிட்டதால் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அப்பாவோடு பதினொரு வருடம் ஒரே கூட்டத்தில் வேலை செய்தவர். பாரம் தூக்கும் கம்பி ஒன்று அவருடைய வலது கையில் இரண்டு விரலைக் கொண்டுபோய்விட்டது. மிச்சம் எட்டு. தினமும் பாதையில் வந்து போவார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பாதை என்றால் றோட்டு இல்லை, ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கிற மிதவை. இப்போது அந்த இடத்தில் பாலம் இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள், தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

துறைமுகப் பண்டகசாலையில் ஒரு ஆள் தேவை என்று அறிவித்தல் ஒட்டினார்கள். பொருள் எடுத்துக் கொடுக்கிற வேலை. பாரம் தூக்கத் தேவையில்லை, கதிரையில் இருக்கலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று: பொருட்களில் கட்டியிருக்கும் இங்கிலீஷ்ச் சீட்டை வாசிக்கத் தெரிய வேண்டும். இருபத்து நான்கு சீட்டைக் காட்டி வாசிக்கச் சொல்வார்கள், கூடுதலாக வாசிக்கிறவருக்கு வேலை. அந்த வேலை கிடைக்காவிட்டால் பாரம் தூக்க ஏலாதவர்களை வருட முடிவில் நிறுத்திவிடுவார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அறிவித்தலை ஒரு கிளார்க்கைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்டு, ஓடிவந்து அப்பாவுக்குச் சொன்னவரே நானாதான்.

அப்பா முதலில் ஒரு ரியூசன் மாஸ்டரிடம் போனார். அவர் கொப்பியில் ஒவ்வொரு எழுத்தையும் நூறு தரம் எழுதச் சொன்னார். அப்பாவின் விரல்களுக்குள் பென்சில் இரண்டு தரம் முறிந்தது. பதினோராம் நாள் மாஸ்டர், இந்த வயதில் மண்டைக்குள் ஏறாது, வீணாக நேரத்தைக் கழிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து கொப்பியை அலுமாரிக்கு மேலே வைத்தார். அன்றைக்கு அவர் சாப்பிட்டது இரண்டு பிடி.

அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது. கொன்வென்ட் பள்ளிக்கூடத்தில் படித்தாள், இங்கிலீஷில் கெட்டிக்காரி. கொப்பியை எடுத்துப் பார்த்தாள். அப்பாவிடம், வலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டு எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று கேட்டாள். அப்பா யோசிக்கவே இல்லை, எல்லாம் ஞாபகம் என்றார். முப்பது வருடமாகப் பாடாத பாட்டு. மண்டைக்குள் ஏறாது என்று மாஸ்டர் சொன்ன அதே மண்டை.

அடுத்த நாள் பின்னேரம் அக்கா வேப்பமரத்தடியில் ஒரு கயிற்றைக் கட்டினாள். துறைமுகத்தில் கழித்து எறிந்த கயிறு, என் மணிக்கட்டுத் தடிப்பு, தார் மணக்கும். பால்மா டின்களின் மூடிகள் இருபத்து நான்கைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைக் கறுப்பு மையால் எழுதினாள். கயிறு, சவர்க்காரம், சங்கிலி, குழாய், தகரம், பாய், பூட்டு என்று எல்லாம் பண்டகசாலைப் பொருள். அந்த மூடிகளை எண்ணி அடுக்குவதுதான் என் வேலை. யாரும் கேட்காமல் நானாகவே எடுத்துக்கொண்ட வேலை.

அக்கா மொத்தம் ஐந்து பாட்டுக் கட்டினாள். மெட்டு எல்லாம் அம்பா மெட்டு. முதலாவது, ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து அண்ணன் தம்பிமாரின் பேரைச் சொல்லும் பாட்டு. இரண்டாவது, ஒருத்தன் தனியே நின்றால் தன் பேரைச் சொல்ல வெட்கப்பட்டுக் குரலைக் குறுக்குவான் என்பது. மூன்றாவது, ஒரு தோணியில் இரண்டு பேர் ஏறினால் முன்னால் அணியத்தில் இருக்கிறவன் கதைப்பான், பின்னால் இருக்கிறவன் தூங்குவான் என்பது. நாலாவதுதான் எனக்கு விருப்பமானது:

கடைசியில ஈ காவல் நின்டா
தான் வாய் திறவானாம்,
முன்னுக்கு நிக்கிற ஆளைப் பிடிச்சுப்
பேரைச் சொல்ல வைப்பானாம்

உடனே கயிற்றை இழுத்துக்கொண்டு, "ஏலையா, ரோப்!" அடுத்த மூடியைக் காட்டினால், "ஏலையா, பைப்!" நீளமான ஓசைக்கு நீள இழுவை. குறுகிய ஓசைக்கு ஒரு வெட்டு. "ஏலையா, டின்!" ஐந்தாவது பாட்டு எந்தச் சட்டத்துக்கும் அடங்காத ஆறு வார்த்தைகளுக்கு. அவற்றை அக்கா கள்ளர் என்று கூப்பிட்டாள்.

அம்பாவில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏலையா சொல்லி இழுப்பார்கள். எடுத்துக் கொடுக்கிறவர் இழுப்பதில்லை. இழுக்கிறவர் எடுத்துக் கொடுப்பதில்லை. அப்பா சாம்பல்தீவில் எப்போதும் இழுக்கிற கூட்டத்தில் நின்றவர். முதல் இரண்டு நாளும் அக்காவே எடுத்துக் கொடுத்தாள். அவளுடைய குரல் மெல்லியது, அப்பாவுக்கு இழுவை வரவில்லை. மூன்றாம் நாள் நானாவை அப்பாவே கூட்டிக்கொண்டு வந்தார். நானா கிண்ணியாவில் தன் வாப்பாவின் வலைக்கு அடி எடுத்துக் கொடுத்தவர். அவர் வாயைத் திறந்த உடனே அப்பாவின் தோள் தானாக அசைந்தது. அதைப் பார்த்து அக்கா கைதட்டினாள்.

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. நானா போனபிறகு குசினி வாசலில் நின்று கேட்டா.

"இருக்கிறது ஒரு கதிரை. அதுக்கு ரெண்டு பேருக்குப் படிப்பிக்கிறியள். என்ன கணக்கு இது?"

"அறிவித்தலைக் கொண்டுவந்து சொன்னவன் அவன்தானே," என்றார் அப்பா. "ஆருக்குக் கிடைச்சாலும் நல்லது."

நானாவும் அதையே சொன்னார். இரண்டு பேரும் அதைப் பலதரம் சொன்னார்கள். ஒன்பது தரம் வரை எண்ணி விட்டுவிட்டேன். இப்போது யோசித்தால், உண்மையாகவே அப்படி நினைக்கிறவர்கள் அதை அத்தனை தரம் சொல்லமாட்டார்கள் போலிருக்கிறது.

ஆனால் அந்தப் பின்னேரங்கள் சந்தோஷமானவை. அம்மா முறுமுறுத்துக்கொண்டே பனங்கட்டியோடு வெறுந்தேநீர் கொண்டுவந்து தருவா. நானாவின் கோப்பையில் எப்போதும் ஒரு துண்டு பனங்கட்டி கூடுதலாக இருக்கும், அது எனக்குத் தெரியும். துறைமுகத்திலிருந்து கப்பல் ஊதுகிற சத்தம் வரும். நானா அடி எடுப்பார், அப்பா இழுப்பார், கயிறு மரத்தில் உராய்ந்து பட்டை தூளாகக் கொட்டும். வேலிக்கு மேலால் தலையை நீட்டி அயல்வீட்டு மாமி, "என்ன, கோயிலுக்குக் கூத்துப் பழகிறியளோ?" என்று கேட்டா. "ஓம் மாமி, இங்கிலீஷ்க் கூத்து, ராசா வேஷம் இன்னும் முடிவாகேல்ல," என்றார் நானா.

வாய் திறவாத ஈயைப் பற்றி அவர் ஒருநாள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"பாத்தீங்களா மச்சான், வெள்ளக்காரன் ஒருத்தன வேலைக்கு வச்சு, வாயைப் பொத்திக்கிட்டு நில்லு எண்டிருக்கான். நம்மட துறைமுகத்திலயும் அப்பிடித்தானே. பேசாம நிக்கிறவனுக்குத்தான் கதிர."

அப்பா சிரித்தார். நாரி நோக, மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எட்டாம் கிழமை முடிவில் இருவரும் சேர்ந்து இருபத்து நான்கு மூடியும் பிழையில்லாமல் வாசித்தார்கள். கள்ளர் ஆறு பேரும் பிடிபட்டார்கள். ஒன்பதாம் கிழமை அக்கா புது வார்த்தைகளை எழுதிக் காட்டினாள். அவற்றையும் வாசித்தார்கள். எனக்கோ அக்காவுக்கோ, அம்மாவுக்கோ ஒரு விஷயம் மட்டும் தோன்றவில்லை. சேர்ந்து என்று இப்போது எழுதினேனே, அதுதான். சட்டம் முழுவதும் நானாவின் வாயில் இருந்தது. வார்த்தை முழுவதும் அப்பாவின் கையில் இருந்தது. ஒரு பாட்டை வெட்டி ஆளுக்குப் பாதி கொடுத்துவிட்டு, இரண்டு பேருக்கும் முழுப்பாட்டும் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

சோதனை நடந்த நாள் பள்ளிக்கூடம் விடுமுறை. அக்கா வந்தே தீருவேன் என்று நின்றாள், நானும் ஒட்டிக்கொண்டேன். அலுவலக விறாந்தையில் உட்கார ஒரு நீள வாங்கு. அதில் அப்பா, நானா, பிறகு நாங்கள் இருவர். வேறு மூன்று பேர் எங்களுக்கு முன்பே உள்ளே போய் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரும் எட்டைத் தாண்டவில்லை. யன்னல் திறந்திருந்தபடியால் உள்ளே நடப்பது எல்லாம் கேட்டது. அதிகாரி ஒரு பெரிய மேசைக்குப் பின்னால் இருந்து, சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா போனார். முதல் நாலு சீட்டையும் வாசித்தார். அவை உருவத்தைப் பார்த்தே தெரிந்தவை. ஐந்தாவதில் நின்றுவிட்டார். நான் எண்ணத் தொடங்கினேன். முப்பத்தொன்று வரை எண்ணினேன். யன்னலால் பார்த்தால் அப்பாவின் கைகள் இரண்டும் தொடைக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன, விரல்கள் மட்டும் எதையோ பிடிக்கப் பார்த்தன. அடி எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்காவுக்கும் அதே நேரம் விளங்கியிருக்க வேண்டும், அவள் என் மேற்கையைப் பிடித்து நசித்தாள்.

வாங்கில் இருந்தபடியே நானா பாடத் தொடங்கினார். மெதுவாக, முதலாவது பாட்டிலிருந்து, ஒழுங்காக. உள்ளே என்ன சீட்டைக் காட்டுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. இருந்த இடத்திலிருந்து அது தெரியவும் தெரியாது. ஐந்து பாட்டின் அடியையும் வரிசையாகப் பாடிக்கொண்டே போனார். முடிந்ததும் திரும்ப முதலாவது. உள்ளே அப்பாவின் தோள் அசைந்தது. "ஏலையா" என்று வாய்க்குள் சொல்வது எனக்குத் தெரிந்தது. பிறகு சத்தமாக, "ஹோஸ்," என்றார்.

அதிகாரி தலையை நிமிர்த்தவில்லை. ஜெட்டியில் கூட்டம் எதையோ இழுக்கிறது, சத்தமாக இருக்கிறது, யன்னலைச் சாத்து என்று பியோனிடம் சொன்னார். பியோன் வந்து பார்த்தான், கொளுக்கி உடைந்திருந்தது, திரும்பிப் போனான். வருடம் முழுக்கப் பக்கத்தில் கேட்கிற பாட்டு ஜெட்டிப் பாட்டுத்தான், வேறு என்னவாக இருக்க முடியும் என்று அதிகாரி நினைத்திருப்பார். மெட்டு உண்மையில் அதுதானே.

அப்பாவுக்குப் பத்தொன்பது. அதிகாரி எண்ணியதும் பத்தொன்பது, நான் எண்ணியதும் பத்தொன்பது. வெளியே வந்து நானா எழும்பிய இடத்தில் அப்பா இருந்தார். சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. நானா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அவர் ஏழு வாசித்தார், தடையில்லாமல். எட்டாவதில் நின்றார். பிறகு அவர் முணுமுணுப்பது கேட்டது. சட்டம் அவருக்குத் தெரியும், எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். "கடைசியில ஈ காவல் நின்டா" என்று தொடங்கி, இழுவை வரவேண்டிய இடம் வரை போனார். அங்கே நின்றார். இழுவை வரவில்லை. மறுபடியும் தொடங்கினார். அதே இடத்தில் நின்றார். எட்டு வயதிலிருந்து அந்த இடத்தில் மற்றவர்கள் ஏலையா சொல்லிக் கேட்டுப் பழகிய மனிதர், அதைக் கேட்காமல் எப்படி அடுத்ததற்குப் போவார்? யாராவது ஒருவர் வெளியே இருந்து ஏலையா என்று மட்டும் சொன்னால் போதும். அதில் விடை இல்லை, களவு இல்லை. வெறும் சத்தம். ஜெட்டிச் சத்தம்.

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். அப்பா திரும்பாமலே ஒரு கையை எடுத்து அவளுடைய முழங்காலின் மேல் வைத்தார். அழுத்தவில்லை. வைத்தார், அவ்வளவுதான். அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

எனக்கும் அந்தச் சொல் தெரியும். என் முழங்காலில் யாரும் கை வைக்கவில்லை. ஆனால் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து, பதினொன்று என்று நானாவின் சரிகளை எண்ணவில்லை. பிழைகளை எண்ணினேன். ஒவ்வொரு பிழைக்கும் என் நெஞ்சு கொஞ்சம் லேசாகிக்கொண்டு வந்தது. ஆறாவது பிழையோடு அப்பாவுக்கு வேலை நிச்சயம். ஆறு வந்தது. பிறகும் ஐந்து வந்தன.

நானாவுக்குப் பதின்மூன்று. வெளியே வந்தார், சால்வையால் முகத்தைத் துடைத்தார், எட்டு விரலாலும் அப்பாவின் கையைப் பிடித்தார்.

"பத்தொம்பதா மச்சான்? நல்லம். நாரிக்கு இனி ஓய்வு."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நானா, பாதைக்கு நேரமாச்சு என்று சொல்லி, விறாந்தைப் படி மூன்றையும் இறங்கிப் போனார். அடுத்த பாதைக்கு இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது என்பது அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கடற்கரை வீதியால் நடந்து வந்தோம். வழமையாக அக்கா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். அன்றைக்கு என் கையைப் பிடித்தாள். வெயில். மீன்பெட்டி கழுவிய தண்ணீர் வீதிக்குக் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. பாதித் தூரம் வந்தபிறகு அக்கா சொன்னாள்:

"அப்பா, நானாவுக்கும் நான்தானே படிப்பிச்சனான்."

அப்பா இன்னும் கொஞ்சத் தூரம் நடந்தார். நான் பதினேழு அடி எண்ணினேன்.

"ஓம் பிள்ளை," என்றார். "எனக்கு நாரி ஏலாது."

வீட்டில் அம்மா பயற்றம் பணியாரம் சுட்டா. நல்லாக இருந்தது. நான் நாலு சாப்பிட்டேன். அக்கா சாப்பிடவில்லை.

நானா அந்த வருட முடிவில் துறைமுகத்தை விட்டுவிட்டார். கிண்ணியாவில் தன் மனைவியின் தம்பியுடைய வயலில் காவல் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். எங்கள் வீட்டுக்கு அதன்பிறகு வரவில்லை. சண்டை என்று ஒன்றும் இல்லை, வராமல் விட்டார், அவ்வளவுதான். அப்பா பதினான்கு வருடம் அந்தப் பண்டகசாலைக் கதிரையில் இருந்தார். பிழையாக ஒரு பொருள் கொடுத்தார் என்று பேர் எடுக்கவில்லை. நானாவைப் பற்றிக் கதை வந்தால் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவார். அது கோபம் என்றும், நானா அப்பாவுக்கு ஏதோ செய்துவிட்டார் என்றும் அம்மா கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தா. நாங்கள் இரண்டு பேரும் அம்மாவுக்குச் சொல்லவில்லை. இப்போது அவர்கள் மூவரும் இல்லை.

அக்கா கனடாவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்போம். பிள்ளையின் கைபேசிப் பாட்டைப் பற்றிச் சொல்லப்போய், போன ஞாயிறு அந்தப் பழைய கதையும் வந்தது. இத்தனை வருடத்தில் முதல்தரம். அவள் எல்லாவற்றையும் பிழையாகச் சொன்னாள். மூடி முப்பது என்றாள், இருபத்து நான்கு என்று திருத்தினேன். அறிவித்தல் வந்தது தைமாதம் என்றாள், அதையும் திருத்தினேன். நானாவுக்குப் பதினைந்து என்றாள், பதின்மூன்று என்றேன். அவளுக்குச் சிரிப்பு. நீ மாறவே இல்லை என்றாள்.

பிறகு நான் கேட்டேன். நானா உள்ளே நின்று திணறிய நேரம் வெளியே நாங்கள் என்ன செய்தோம் என்று அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று.

"அதென்ன கேள்வி?" என்றாள். "அப்பா ஏலையா சொன்னவர்தானே. மெல்லமா. ரெண்டு மூண்டு தரம் சொன்னவர். நான் பக்கத்தில இருந்தனான், எனக்குக் கேட்டது. அவர் பாவம், அது நானாவுக்குக் கேக்கேல்லை."

தொலைபேசிக்குள் அவளுடைய வீட்டு மணிக்கூடு அடித்தது.

"என்ன தம்பி, சத்தத்தைக் காணேல்லை? உனக்கு ஞாபகம் இல்லையோ? நீ வழமைபோல எதையாவது எண்ணிக்கொண்டு இருந்திருப்பாய்."

அவள் வாயைத் திறந்ததும், முழங்காலில் கை வந்ததும், கடற்கரை வீதியில் அவள் சொன்னதும் எனக்குத் தெரியும். நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். எண்பதை நெருங்குகிற பெண், தனியே ஒரு வீட்டில், அப்பாவை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஓம் அக்கா," என்றேன். "எனக்குத்தான் கேக்கேல்லை."